சமூகத் திறன் பெட்டி: ஒரு கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்

பெட்டி வந்த அன்று ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு அட்டையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தோம். வழவழப்பான தாள், பளிச்சென்ற படங்கள், மூடியின் மேல் நான்கு குழந்தைகள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான சமூகத் திறன் பயிற்சித் தொகுப்பு என்று போட்டிருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் நானே தாள் வெட்டி, ஒட்டி, லாமினேட் செய்து கைவலி கண்டவள். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்தால் கசக்குமா?

எந்தப் பெட்டி என்று பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த ஒரு நிறுவனத்தின் குறைகளாக மட்டும் இருந்தால் சொல்லியிருப்பேன். கிட்டத்தட்ட இதே அட்டைகள், இதே பகடையாட்டம், இதே நட்சத்திரப் பலகை வேறு நிறத்தில் வேறு மூடியோடு நான்கைந்து இடங்களில் பார்த்துவிட்டேன். நீங்கள் வாங்க நினைப்பதும் பெரும்பாலும் இதன் பங்காளியாகத்தான் இருக்கும்.

நான் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியர். பொதுவகுப்பில் எல்லோரோடும் உட்கார்ந்து படிக்கும் மூன்று மாணவர்களோடு இதைப் பயன்படுத்தினேன். அவர்கள் பெயரும் வேண்டாம். பதினோரு வயதுக்காரன் ஒருவன், அவனை லிஃப்ட் என்று கூப்பிடலாம், கேட்டால் சந்தோஷப்படுவான். அவன் உலகத்தில் லிஃப்ட்டுகளுக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, சின்னவள். வாய் திறந்து பேசுவது அபூர்வம், டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசுவாள். அப்புறம் பதின்மூன்று வயதுப் பெரியவன். அவனை வெளியிலிருந்து பார்த்தால் ஆட்டிசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுவே அவனுக்குப் பெரிய தொல்லை.

பெட்டிக்குள்: 48 முக அட்டைகள், 20 குட்டிக் கதைப் புத்தகங்கள், நட்சத்திரம் ஒட்டும் மதிப்பெண் பலகை, ஒரு பகடையாட்டம், 'தலைப்பை மாற்று' என்று எழுதிய சிவப்பு அட்டை, வெல்க்ரோ வைத்த கால அட்டவணைப் பட்டை, ஒரு டைமர், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும் அறிவுரை அட்டைகள், 12 வெற்று அட்டைகள், ஆசிரியருக்கு ஒரு தடித்த கையேடு.

முக அட்டைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் முதலில் ஏமாந்ததும் அங்கேதான். முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் உணர்ச்சியின் பெயர். லிஃப்ட் ஒரு வாரத்துக்குள் 48ஐயும் தப்பில்லாமல் சொல்லிவிட்டான். நான் பெருமை தாங்காமல் அவன் அம்மாவுக்குச் செய்தியெல்லாம் அனுப்பிவிட்டேன். 'ஏமாற்றம்' என்ற அட்டையின் மேல்மூலை மடங்கியிருந்தது, பார்க்க நன்றாக இல்லையே என்று அதை ஓர் அகராதிக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்து நேராக்கினேன். மறுநாள் அந்த முகம் அவனுக்குத் தெரியவே தெரியாது என்கிறான். துருவிக் கேட்டபோது பொறுமையாக விளக்கினான்: "மூலை மடங்கினா ஏமாற்றம். பின்னாடி நீலச் சுவர் இருந்தா பொறாமை. கம்மல் போட்டிருந்தா ஆச்சரியம்." 48 அட்டைக்கும் இப்படி ஓர் அடையாளம் வைத்திருந்தான்.

அவன் ஏமாற்றவில்லை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த ஆதாரங்களில் எது நம்பகமானதோ அதை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் உதவாமல் போவது ஆட்டிசத்தோடு பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்த அட்டைகளில் தப்பு அவன் பக்கம் இல்லை. நடிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கோபம் காட்டுகிறார்கள். பள்ளி வராந்தாவில் அப்படி யார் கோபப்படுகிறார்கள்? இவன் தோழன் கோபம் வந்தால் சிரிப்பான், லேசாக. அதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு மாதம் ஆனது. கடைசியில் நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணம். முகத்தைப் படி என்று லிஃப்ட்டை விரட்டுவதை விட்டுவிட்டு, "எனக்கு இப்ப கோபமா இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போ" என்று வாயால் சொல்லும்படி அந்தத் தோழனைப் பழக்கினோம். சொன்னால் லிஃப்ட் உடனே தள்ளிப் போய்விடுவான். அவனுக்கு மரியாதை தெரியாமல் இல்லை, தகவல்தான் வந்து சேராமல் இருந்தது.

அட்டைகளுக்கு என் மதிப்பெண் பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் தாளின் தரத்துக்கு.

கையேட்டின் தமிழ் பற்றி ஒரு வார்த்தை. யாரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'பேசும்போது கண் தொடர்பு கொள்ளவும்' என்று ஒரு அட்டை. லிஃப்ட் அதைப் படித்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். என்னடா என்றால், "தொடர்பு கொள்ளவும்னு போட்டிருக்கு, நம்பர் போடலையே டீச்சர்" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டு, விளக்கியதும் அவனும் சிரித்தான்.

ஆனால் அந்த அட்டையிடம் எனக்கு இருப்பது வேடிக்கை மட்டும் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லும் அட்டைகள் பெட்டியில் மொத்தம் ஐந்து. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள்: கண்ணைப் பார்த்தால் காது கேட்காது, காது கேட்க வேண்டுமென்றால் கண்ணை வேறெங்காவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று. சிலருக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. பெரியவனைக் கேட்டேன். "மூக்குக்கு மேல புருவத்துக்கு நடுவுல பார்ப்பேன் டீச்சர், எல்லாரும் கண்ணைப் பார்க்கிறேன்னு நினைச்சுப்பாங்க. ஆனா அப்ப அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான். எத்தனை பாடம் இப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து அட்டைகளையும் எடுத்து அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன்.

இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்கள் ஒரு பழைய எண்ணத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். பேச்சு இடறினால் இடறியவர் ஆட்டிசம் உள்ளவர்தான், ஆகவே திருத்த வேண்டியதும் அவரைத்தான். 2012இல் டேமியன் மில்ட்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், இதைத் தலைகீழாகப் போட்டார். இரண்டு பேருக்கு நடுவே புரிதல் அறுந்தால் இரண்டு பக்கமும்தான் அறுந்திருக்கிறது, ஆட்டிசம் இல்லாதவருக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ளத் தெரிவதில்லை என்றார். இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். எட்டு எட்டுப் பேராக வரிசை, முதல் ஆளிடம் ஒரு கதை, அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், சின்ன வயதில் காதோடு காதாக ரகசியம் சொல்லி விளையாடுவோமே அதேதான். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போலவே கதை நன்றாகக் கடைசிவரை போனது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. இது பரவலாகப் பேசப்பட்டது, நானும் போகிற இடமெல்லாம் சொன்னேன். அப்புறம் அதே ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிதாகச் செய்து 2025இல் வெளியிட்டபோது, கலந்த வரிசையிலும் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆக முதல் முடிவு அவ்வளவு கெட்டியில்லை. ஆனால் இரண்டு சோதனையிலும் மாறாத ஒன்று உண்டு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தகவலைக் கடத்தத் தெரியவில்லை என்று எதிலுமே வரவில்லை. 48 முக அட்டைகளை அச்சடிப்பதற்கு முன்னால் யாராவது இதை ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

சரி, கதைப் புத்தகங்கள். சமூகக் கதை என்ற முறையை 1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற ஆசிரியை உருவாக்கினார். ஓர் இடத்தில் என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்பதை அந்தக் குழந்தையின் கண்ணிலிருந்து சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்வது. அவர் வைத்த நிபந்தனைகள் அழகானவை. நிலைமையை விவரிக்கும் வாக்கியங்கள் நிறைய இருக்க வேண்டும், இப்படிச் செய் என்று சொல்லும் வாக்கியம் குறைவாக இருக்க வேண்டும். அதோடு, எழுதும் கதைகளில் பாதியாவது அந்தக் குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருப்பதைப் பாராட்டுவதாக இருக்க வேண்டும் என்பார். இந்தப் பெட்டியின் 20 புத்தகங்களில் பாராட்டும் கதை ஒன்றுகூட இல்லை. 'நான் குறுக்கே பேச மாட்டேன்', 'நான் கத்த மாட்டேன்', 'நான் வரிசையில் நிற்பேன்'. கதை என்ற பெயரில் விதிமுறைப் பட்டியலைப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரையோ மனதில் வைத்து எழுதினால்தான் அது கதை, எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தால் அறிவிப்புப் பலகை.

நாங்கள் சின்னவளுக்காக ஒன்று எழுதினோம். தீயணைப்பு ஒத்திகை மணி அடிக்கும்போது அவள் மேசைக்கு அடியில் போய்விடுவாள். மணி எவ்வளவு நேரம் அடிக்கும், யார் அவள் பக்கத்தில் இருப்பார்கள், காதில் மாட்டும் சத்தம் தடுப்பான் எங்கே தொங்கும், வெளியே போனதும் எங்கே நிற்போம் என்று ஏழு பக்கம், எங்கள் பள்ளியின் வராந்தாவையே படம் எடுத்து ஒட்டினோம். ஏழு பக்கத்தில் 'செய்' என்று ஒரே ஒரு வாக்கியம். ஒத்திகை நாளன்று மணி அடித்ததும் அவளே தடுப்பானை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், மற்ற பிள்ளைகளுக்கு முன்னால். அதற்கும் ஒரு பாராட்டுக் கதை எழுதினோம். இதற்குப் பெட்டி எதுவும் தேவைப்படவில்லை, அலுவலக அறை பிரிண்டர் போதும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம், வெளிச்சம், நெரிசல் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டின் வரையறையிலேயே புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இருநூறு பேர் கத்தும் கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் நண்பனிடம் நலம் விசாரி என்று அட்டை நீட்டுவது என்ன பயிற்சி? முதலில் கூடத்தில் ஓர் அமைதியான மூலையை உண்டாக்குங்கள், பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பிள்ளை நிம்மதியாக இருக்கும்.

நட்சத்திரப் பலகைக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நானே விரும்பி மாட்டினேன். கையை ஆட்டாமல் இருந்தால் ஒரு நட்சத்திரம், வாழ்த்துச் சொன்னால் ஒன்று, இடைவேளையில் மூன்று பேரோடு பேசினால் ஒன்று. பெரியவன் ஆறு வாரம் தொடர்ந்து முழு நட்சத்திரம் வாங்கினான். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். ஏழாவது வாரம் அவன் அம்மா வந்தார். "டீச்சர், இங்கே அவன் நல்லா இருக்கான்னு எல்லாரும் சொல்றீங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா ரெண்டு மணி நேரம் சுவரோட சாய்ஞ்சு உட்கார்ந்து அழறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு வலிக்குதுன்றான். அவன் நல்லா இல்லை டீச்சர்."

இயல்பை மூடி மறைத்து மற்றவர்கள்போல நடிப்பதை முகமூடி போடுவது என்கிறார்கள். அப்படி நாள் முழுக்க நடிப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனக்கு இது தெரியும். தெரிந்தும், முகமூடிக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினேன். கை ஆட்டினால் ஆட்டட்டும், அது அவன் தன்னை ஒரு நிலைக்குக் கொண்டுவரும் வழி. இடைவேளையில் பேச வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, நூலகத்தில் உட்காரலாம் என்று ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தோம். ஒரு மாதத்தில் நூலகத்துக்கு இன்னும் இரண்டு பையன்கள் தாங்களாக வர ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் மைதானம் பிடிக்காதாம். மூன்று பேரும் ஒரே மேசை, மூன்று வேறு புத்தகம், பேச்சு ஏறக்குறைய இல்லை. அது நட்பா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஒருவன் வராத அன்று மற்ற இருவரும் அவன் நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நீங்களே சொல்லுங்கள்.

பலகைக்கு மதிப்பெண் இல்லை. வாங்கினால் முதலில் இதைத் தூக்கிப் போடுங்கள்.

சிவப்பு அட்டையை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை, நடந்த கூத்து அப்படி. பிடித்த விஷயத்தையே பேசிக்கொண்டிருக்கும் மாணவனிடம் ஆசிரியர் இதைக் காட்ட வேண்டும், அவன் தலைப்பை மாற்ற வேண்டும், இதுதான் கையேட்டின் ஏற்பாடு. லிஃப்ட்டிடம் நான் சொன்ன விதி: ஒருவர் ஒரே விஷயத்தை ரொம்ப நேரம் பேசினால், கேட்பவருக்கு அலுத்துவிட்டால், சிவப்பு அட்டை. நியாயமான விதி என்று ஏற்றுக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து அட்டை உயர்ந்தது. விதிப்படி பார்த்தால் அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர், "முடிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே முடித்தார். ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அவனுக்கு ரசிகர் மன்றம்தான். அதற்கு அப்புறம் வகுப்பில் ஒரு தீர்மானம் போட்டோம்: அட்டை எல்லோருக்கும் பொது, கால்பந்தைப் பற்றியே பேசுபவனுக்கும் காட்டலாம், எனக்கும் காட்டலாம். அதுவரை லிஃப்ட் ஒருவன்தான் அலுப்பூட்டுகிறவன் என்று வகுப்பு நினைத்திருந்தது. இரண்டே வாரத்தில் அட்டை அதிகம் வாங்கியவர்களில் அவன் நான்காவது இடம். முதலிடம் நான்.

இனி நல்ல விஷயங்கள். டைமர் தங்கம். வட்டத்தில் சிவப்புப் பகுதி தேய்ந்துகொண்டே வரும், எவ்வளவு நேரம் பாக்கி என்பது எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கண்ணுக்குத் தெரியும். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று நாம் சொல்வதுபோல மோசமான பொய் கிடையாது, சில சமயம் அது இரண்டு நிமிடம், சில சமயம் அரை மணி. வெல்க்ரோ பட்டையும் அப்படியே. நடக்கப் போவதைக் கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக வைப்பது புதிய யோசனை இல்லை, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் தொடங்கிய டீச் என்ற திட்டம் 1972இல் அந்த மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோதே இதன் வேலை அதுதான். பழசானாலும் பலிக்கிறது. சின்னவளுக்காக மாட்டிய பட்டையை வகுப்பில் பாதிப் பேர் பார்த்துத்தான் அடுத்த பாடம் எதுவென்று தெரிந்துகொள்கிறார்கள். வெல்க்ரோ மட்டும் நாலு மாதத்தில் பிய்ந்துவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால் பெட்டியிலேயே விலைமதிப்பானது அந்த 12 வெற்று அட்டைகள். அச்சடிக்க எதுவும் தோன்றாமல் இடம் நிரப்பப் போட்டார்கள் போலிருக்கிறது. சின்னவளிடம் யாராவது ஏதாவது கேட்டால், அவள் டேப்லெட்டில் பதிலைத் தேடித் தொடுவதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள். அல்லது அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். பெட்டியில் அவளுக்கென்று ஒன்றுமே இல்லை, எல்லா அட்டையும் வாயால் பதில் எதிர்பார்க்கிறது. ஒரு வெற்று அட்டையை எடுத்து, 'கேட்டுவிட்டுப் பத்துவரை மனதுக்குள் எண்ணு' என்று எழுதினேன். அதை அவளிடம் கொடுக்கவில்லை, அவள் மேசையைச் சுற்றி உட்காரும் நான்கு பேரிடம் கொடுத்தேன். முதல் நாள் உதட்டை அசைத்து எண்ணினார்கள், பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் அவளிடமிருந்து பதில்கள் வரத் தொடங்கின. ஒரு பையன் ஓடிவந்து, "டீச்சர், அவ என்னை மொக்கைன்னு சொல்லிட்டா!" என்று புகார் சொன்னான். நான் மனதுக்குள் விசில் அடித்தேன். டேப்லெட்டில் அந்த வார்த்தையை யார் சேர்த்தார்கள் என்று விசாரித்தால், அதே நால்வரில் ஒருத்தி.

இதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோனி கசாரி என்ற ஆய்வாளர் தன் குழுவோடு 2012இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவகுப்பில் படிக்கும் ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகள், ஆறிலிருந்து பதினோரு வயதுவரை. சிலருக்கு நேரடியாகச் சமூகத் திறன் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு அவர்களை விட்டுவிட்டு வகுப்புத் தோழர்களுக்குப் பயிற்சி, தனியாக நிற்கும் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று. தோழர்கள் பயிற்சி பெற்ற இடங்களில்தான் அந்தக் குழந்தைகள் வகுப்பின் நட்பு வலையில் நன்றாகச் சேர்ந்தார்கள், மைதானத்தில் ஒண்டியாக நிற்பதும் குறைந்தது. என் பெட்டியின் கையேட்டில் சக மாணவர்களுக்கு என்று இருப்பது ஒன்றரைப் பக்கம். அதிலும் அரைப் பக்கம் படம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். தோழர்களைப் பழக்குகிறேன் என்று அவர்களைக் குட்டி ஆசிரியர்களாக்கிவிடக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு பெண் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தாள், "நான்தான் இவளைப் பார்த்துக்கிறேன்" என்று. சின்னவள் டேப்லெட்டில் 'போ' என்று மூன்று முறை தொட்டாள். உதவி என்றால் போ என்று சொன்னால் போவதும்தான் என்று வகுப்பில் பேச வேண்டியிருந்தது.

பகடையாட்டம் அறுவை. 'நண்பனைப் பாராட்டு' என்ற கட்டத்தில் விழுந்தவர்களெல்லாம் "உன் பேனா நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அதை மூடிவிட்டு லெகோ என்ற பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொட்டினோம். 2004இல் டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் எழுதிய முறை இது: படத்தைப் பார்த்துச் சொல்பவர் பொறியாளர், துண்டுகளைத் தேடிக் கொடுப்பவர் சப்ளையர், பொருத்துபவர் பில்டர். மூன்று பேரும் பேசாமல் வேலை நகராது, பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. லிஃப்ட் பொறியாளராக உட்கார்ந்து, கயிறு கட்டி நிஜமாகவே ஏறி இறங்கும் லிஃப்ட் ஒன்றை மற்ற இருவரை வைத்துக் கட்டி முடித்தான். நாற்பது நிமிடம் அவன் சொன்னதையெல்லாம் அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். அவன் அன்று புதிதாக எந்தத் திறனையும் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை, இருந்த திறனுக்கு அன்றுதான் இடம் கிடைத்தது.

கையேட்டின் முன்னுரையில் 'உள்ளடங்கிய கல்வி' என்ற சொல் பதினான்கு முறை வருகிறது, எண்ணினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது, அதன் 24ஆம் பிரிவு கல்வி பற்றியது. அந்தப் பிரிவை விளக்கி 2016இல் வெளியான குறிப்பு ஒருங்கிணைப்பையும் உள்ளடக்கத்தையும் தெளிவாகப் பிரிக்கிறது. பள்ளி இருக்கிறபடியே இருக்கும், பிள்ளை அதற்குள் பொருந்திக்கொள்ள வேண்டும் என்றால் அது ஒருங்கிணைப்பு. பிள்ளைக்காகப் பள்ளி தன் பாடத்தையும் பழக்கத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டால்தான் உள்ளடக்கம். தமிழில் நாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம், அது வேறு கதை. இந்தப் பெட்டி முதலாவதற்கான பெட்டி, மேலே இரண்டாவதன் பெயர் ஒட்டியிருக்கிறது.

வாங்கலாமா என்றால், முழுப் பெட்டியாக வேண்டாம். டைமரும் பட்டையும் தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். டைமரின் பேட்டரி மூடிக்குச் சின்ன ஸ்குரூ டிரைவர் வேண்டும், வகுப்பு நடுவே நின்றுபோனால் திண்டாடுவீர்கள், முன்கூட்டியே ஒன்று எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பள்ளி வாங்கித் தொலைத்திருந்தால் முக அட்டைகளின் பின்பக்கத்தை வெள்ளைத் தாள் ஒட்டி வெற்று அட்டையாக்கிக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம், 48 கிடைத்தது. பெற்றோர் வீட்டுக்கென்று வாங்கவே வேண்டாம், ஒற்றைப் பிள்ளையை உட்கார வைத்து நட்பைப் பாடமாக நடத்த முடியாது.

கையேட்டில் இல்லாத இன்னொன்று, வருடம் முடிந்ததும் என்ன செய்வது என்பது. புது வகுப்பு, புது ஆசிரியர், எல்லாம் முதலிலிருந்து. மூன்று பேரையும் அவர்கள் தோழர்களையும் உட்கார வைத்து, அடுத்த ஆசிரியருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னேன், பிழை திருத்தாமல் அப்படியே கொடுத்தேன். சின்னவளின் பக்கத்தில் அந்த நால்வர் பத்துவரை எண்ணும் விதியை எழுதி, கீழே அவள் டேப்லெட்டில் தொட்ட மூன்று படங்களை வரைந்திருந்தார்கள்: மணி, காது, வேண்டாம். பெரியவன் இரண்டே வரி எழுதினான், அதை இங்கே சொல்ல அவன் அனுமதிக்கவில்லை. லிஃப்ட் ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "லிஃப்ட் பற்றிக் கேட்டால் பதில் சொல்லவும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லவும். நான் சொல்லித் தருகிறேன். அலுத்தால் சிவப்பு அட்டை என் பையில் முன் ஜிப்பில் இருக்கிறது."

பெட்டியில் அது குறைகிறது என்று இருப்புக் கணக்கு எடுக்க வந்தவர் கேட்டார். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.